சின்னத் தொந்தரவுகள்

பத்தொன்பது மாதம். ஸ்பானிஷில் தியெதினுவேவே மேஸெஸ். இந்தப் பத்தொன்பதைச் சொல்லி முடிப்பதற்குள் வாயை நாலு தடவை திறந்து மூட வேண்டியிருக்கிறது. இருபது என்றால் சுளுவு, பெயின்தே, அவ்வளவுதான். இன்னும் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். என்ன புத்தி இது, வாய்க்கு வாகாக வரட்டும் என்று வலியை யாராவது தள்ளிப்போடுவார்களா. பதினோரு நாளாக ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டிருக்கிறேன். தெஸ்தே ஆதே தியெதினுவேவே மேஸெஸ் மே துவேலே அகீ. பத்தொன்பது மாதமாக எனக்கு இங்கே வலிக்கிறது. அகீ என்னும்போது கையை அடிவயிற்றில் இடது பக்கமாக வைக்க வேண்டும். படுக்கை விரிப்பை உதறும்போதும், சூப்பில் உப்புப் பார்க்கும்போதும், கோயிலில் முழந்தாளில் நிற்கும்போதும் இதைத்தான் சொல்லிப் பார்த்தேன். தனியாக இருந்தால் பிசகாமல் வருகிறது. இந்தச் சுகாதார நிலையத்துப் பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தால் நடுவில் ஏதோ ஒன்று நழுவிப் போகிறது, எது என்று தெரியவில்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் மாத்ரே அஸுன்தியோன், எங்கள் மடத்துத் தலைவி, எழுபத்து நாலு வயது. கைப்பையை மடியில் நிறுத்தி அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்திருக்கிறார். இந்தச் சின்ன ஊரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. உள்ளே நுழைந்ததிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்துவிட்டுப் போகிறார்கள். எனக்கும் வைக்கிறார்கள். கன்னத்தைக் கொடுக்கும்போது இடுப்பை வளைக்க வேண்டியிருக்கிறது. வளைத்தால் இழுக்கிறது.

எதிரே இருக்கும் அம்மாள், கட்டை விரலில் கட்டுப் போட்டிருப்பவள், மாத்ரேயிடம் என்னைக் காட்டி, இவங்களுக்கு என்ன என்று கேட்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. நான் இரண்டடி தள்ளித்தான் இருக்கிறேன். ஒன்றுமில்லை, சின்னச் சின்னத் தொந்தரவுகள் என்று மாத்ரே சொல்கிறார். உனாஸ் மொலெஸ்தியாஸ். அந்த அம்மாள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்து, வயதான நாயைப் பார்ப்பது மாதிரி, பாவம் என்கிறாள். மொலெஸ்தியா. இந்தப் பாஷையில் பாடுபடாமல் எனக்கு விளங்கிய வார்த்தை இது ஒன்றுதான். உடம்புக்கு வரும் தொந்தரவும் மொலெஸ்தியா, அடுத்தவருக்குக் கொடுக்கும் தொந்தரவும் மொலெஸ்தியா. நம் ஊரிலும் அப்படித்தானே. வயித்துல ஏதாச்சும் தொந்தரவா என்பார்கள், சும்மா தொந்தரவு பண்ணாதே என்பார்கள், மாதாமாதம் வருவதற்கும் அதே பேர்தான். கதவைத் தட்டுமுன் தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய், எனக்கு ஒரு தொந்தரவு என்று சொல்ல வேண்டும். எந்தத் தொந்தரவுக்கு மன்னிப்பு என்று கேட்பவர் முடிவு பண்ணிக்கொள்ளலாம். மே துவேலேவும் அப்படித்தான். மதுரையில் கிளம்புவதற்கு முன் மூன்று மாதம் ஸ்பானிஷ் வகுப்பு வைத்தார்கள். இங்கிலீஷில் வலியை நான் வைத்துக்கொண்டிருக்க வேண்டும், இதில் எனக்கு வலிக்கிறது, நம்மைப் போலவே என்று டீச்சர் போர்டில் எழுதிக் காட்டியபோது பெஞ்சில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டேன். எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது, எனக்கு வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு பக்கத்திலிருக்கும் பாஷையா என்று தோன்றியது. முப்பத்தாறு வயது எனக்கு அப்போது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டாம்.

பெயரை முதல் நாளே எடுத்துக்கொண்டார்கள். வேண்டுமென்று இல்லை, அவர்கள் வாய்க்கு ஜெசிந்தா வரவில்லை. விமான நிலையத்தில் மாத்ரே அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஹாதிந்தா என்று கூப்பிட்டார், நான் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவரின் இரண்டாவது மகள், பதினெட்டில் மடத்துக்குப் போய், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் படிப்பு ஒன்றை முடித்து, பதினைந்து வருஷம் அநாதைப் பிள்ளைகளுக்கும் வயசாளிகளுக்கும் சோறு ஊட்டியவள். இங்கே கன்னியர்கள் எல்லோரும் கிழவிகளாகிவிட்டார்கள், புதிதாகச் சேர ஆளில்லை, அவர்களைத் தூக்கவும் குளிப்பாட்டவும் கை வேண்டும் என்று கேட்டார்கள், அனுப்பினார்கள். வந்த மாதத்திலேயே ஸ்தாபகர் திருநாள். நகரத்திலிருந்து இரண்டு குருக்கள், ஊர்ப் பெரிய மனிதர்கள், நாற்பது பேர் சாப்பாட்டு மேஜையில். இந்தியச் சகோதரி ஒரு பாட்டுப் பாடட்டும் என்றார்கள். எழுந்து நின்றேன். மாதா பாட்டு ஒன்று, சின்ன வயதிலிருந்து பாடியது, முதல் வரிக்கு அப்புறம் காணோம். நாற்பது முகம். எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இங்கிலீஷ் வார்த்தையை எடுத்து அதற்கு ஸ்பானிஷ் வாலை ஒட்டினேன். எஸ்தோய் எம்பராதாதா. சிரிப்பில் மேஜையே குலுங்கியது. ஒரு குரு கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சொன்னது, நான் கர்ப்பமாக இருக்கிறேன். அதற்குப் பிறகு மடத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் மாத்ரே இதைச் சொல்லியிருக்கிறார். பேக்கரிக்காரரிடம், ஆயரிடம், தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவரிடம். அன்பாகத்தான் சொல்வார், என் தோளைத் தட்டிக்கொண்டே. கதை எந்த இடத்துக்கு வரும்போது எல்லோரும் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதற்கு ஒரு நொடி முன்னாலேயே நான் சிரித்துவிடுவேன். முந்திக்கொண்டால் அது என்னுடைய சிரிப்பு மாதிரி இருக்கும். அன்றிலிருந்து, நிச்சயமாகத் தெரியாத வார்த்தை எதையும் எனக்காகச் சொன்னதில்லை.

எனக்காகத்தான் சொன்னதில்லை. அவர்களுக்காக எல்லாம் கற்றுக்கொண்டேன். நாலு கிழவிகள், நாலு பேருக்கும் நாலு விதமான உடம்பு. தினமும் காலையில் இதே சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டு எர்மானா மிலாக்ரோஸுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்வது நான்தான். எர்மானா என்றால் சிஸ்டர். மிலாக்ரோஸுக்குத் தொண்ணூற்று ஒன்று, பேச்சு பாதி குழறிவிட்டது, ஆனால் எங்கே வலிக்கிறது என்று என் கையைப் பிடித்து வைத்துக் காட்டுவார். குத்துகிறதா, எரிகிறதா, முறுக்குகிறதா, கனமாக இருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா, ஒவ்வொன்றுக்கும் வார்த்தை தேடி, குறித்து, மனப்பாடம் பண்ணி, போனில் ஒப்பித்தேன். லே துவேலே, அவருக்கு வலிக்கிறது. லே ஆர்தே, அவருக்கு எரிகிறது. ஒரு தடவைகூடத் தப்பு வந்ததில்லை. லேயை மேயாக்கினால் போதும், ஓர் எழுத்து. ஒப்பித்து ஒப்பித்து லேயிலேயே நாக்கு பழகிவிட்டது. மே என்று தொடங்கினால் பின்னால் ஒன்றும் வருவதில்லை. யாரோ கவனிக்கிறார்கள், யாரோ சிரிக்கப் போகிறார்கள் என்று தோன்றிவிடுகிறது. இப்போது வருகிறது பார். உட்கார்ந்தே இருந்தால் இப்படித்தான். முதலில் ஒரு கனம், ஈரத் துணியைச் சுருட்டி உள்ளே வைத்த மாதிரி. அப்புறம் உளைச்சல். இதற்கு இவர்களிடம் வார்த்தையே கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். குத்தும் இல்லை, எரிச்சலும் இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் அடங்காமல் உளைகிறது. காலும் உளையும், மனசும் உளையும், நமக்கு ஒரே சொல். திண்டுக்கல்லில் அக்கா புஷ்பராணியிடம் ஞாயிற்றுக்கிழமை போனில், உளையுதுக்கா என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவளுக்கு முப்பத்தெட்டு வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் என்னைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள், என் அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள். அன்று பக்கத்தில் யாரும் இல்லை போல. "ஏ ஜெசி, யார்ட்டயாச்சும் சொன்னியா" என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். "என்ன சொன்னாங்க" என்றாள். மாத்திரை குடுத்தாங்க என்று ஒரு பொய் சொன்னேன்.

சொன்னேன். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். சொல்லாமல் இருந்தேனா, சொன்னது சொன்ன மாதிரி இல்லையா. முதல் தடவை சமையலறையில், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கிறிஸ்துமஸ் சமயம், மாத்ரே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மே துவேலே என்றேன், வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். மன்தனீயா போட்டுக் கொடுத்தார், மஞ்சள் பூவைக் கொதிக்க வைத்த தண்ணீர். இந்த மடத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. இரண்டாவது தடவை, பெண்கள் எல்லோருக்கும் இருப்பதுதானே மகளே என்றார். மூன்றாவது தடவை தவக்காலம். வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு என்றார். மதுரைக்குப் போன் போட்டு எங்கள் மாகாணத் தலைவி மதர் பிலோமினாளிடம் சொன்னேன். அவர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார், அங்க டாக்டர்ஸ்லாம் நல்லா இருப்பாங்களே சிஸ்டர், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க, நாங்களும் ஜெபத்துல வச்சுக்கிறோம் என்றார். நாலாவது தடவை நான் சொல்லவில்லை, பெஞ்சு சொல்லியது. கோயிலில் காலைச் செபம் முடிந்து எழுந்தேன், உட்கார்ந்த இடத்தில் ஒரு கையகலத்துக்கு ரத்தம். மற்றவர்கள் கைத்தடியை ஊன்றி முன்னால் போய்விட்டார்கள். கைக்குட்டையால் துடைத்தேன், கைக்குட்டை போதவில்லை, முக்காட்டின் நுனியால் துடைத்தேன். நிமிர்ந்தால் மாத்ரே கதவருகில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. என் முகத்தைப் பார்க்கவில்லை, பெஞ்சைப் பார்த்தார். பச்சைத் தண்ணீரில் துடை, வெந்நீர் ஊற்றினால் கறை போகாது என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல யோசனைதான், கறை போய்விட்டது. இவர்கள் மாதவிலக்குக்கு ரெக்லா என்கிறார்கள். எங்கள் சபையின் ஒழுங்குப் புத்தகத்துக்கும் பேர் ரெக்லாதான், மதியச் சாப்பாட்டின்போது தினம் ஒரு பக்கம் வாசிக்கிறோம். ரெக்லாவைக் கடைப்பிடிப்பவள் கீழ்ப்படிதலில் வளர்வாள். நான்தான் வாசிப்பேன், எனக்கு உச்சரிப்பு நன்றாக வருகிறதாம்.

இவ்வளவுக்கும் பிறகு இங்கே ஏன் கூட்டிக்கொண்டு வந்தார் என்றால், பதினோரு நாளைக்கு முன்னால் நான் மிலாக்ரோஸைத் தவறவிட்டேன். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது, அவர் கை என் கழுத்தைச் சுற்றி இருக்க, பாதித் தூக்கத்தில் குழந்தை மாதிரி என் காதருகில் மூச்சு விட்டுக்கொண்டிருக்க, உள்ளே ஏதோ ஒன்று திருகியது. கால் மடங்கியது. நான் கீழே, அவர் என் மேல். நல்லவேளை என் மேல். அவருக்கு மணிக்கட்டில் மட்டும் நீலம் பாரித்தது. குழறிக் குழறி, உனக்கு அடிபட்டதா, உனக்கு அடிபட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த மடத்தில் என்னை யாரும் கேட்ட கேள்விகளில் அது ஒன்றுதான் கேள்வி. சாயங்காலம் மாத்ரே வந்து மணிக்கட்டைப் புரட்டிப் பார்த்தார், மருந்து தடவினார், என் பக்கம் திரும்பி, உனக்கு டாக்டரிடம் நேரம் கேட்டிருக்கிறேன் என்றார். பத்தொன்பது மாதம் என் வயிற்றுக்குக் கிடைக்காத நேரம், மிலாக்ரோஸின் மணிக்கட்டுக்குக் கிடைத்தது. நான் நன்றி சொன்னேன். அது தானாக வருகிறது, கிராதியாஸ் மாத்ரே, அதற்கு யோசிக்கவே வேண்டாம்.

கதவு திறந்து, ஹாதிந்தா என்று கூப்பிடுகிறார்கள். நான் எழுவதற்குள் மாத்ரே எழுந்துவிட்டார். உள்ளே மேஜைக்கு முன் இரண்டு நாற்காலி, டாக்டருக்குப் பக்கத்திலிருந்ததில் மாத்ரே உட்கார்ந்தார். இளம் பெண் டாக்டர், புதிதாக வந்தவர், முடியைப் பென்சிலால் குத்தி முடிந்திருக்கிறார். சொல்லுங்கள் என்றார், என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வாக்கியம் தயாராக இருந்தது, தெஸ்தே வரைக்கும் வாய்க்கு வந்துவிட்டது. அதற்குள் மாத்ரே ஆரம்பித்துவிட்டார். சின்னத் தொந்தரவுகள்தான் டாக்டர், கொஞ்ச வாரமாக இருக்கிறது. ஊர் ஞாபகம், பதற்றம், சாப்பிடுவதும் குறைவு. ஆனால் பொறுமைசாலி, இந்தியாக்காரர்கள் எல்லாம் அப்படி, எவ்வளவு இருந்தாலும் தாங்குவார்கள். டாக்டர் தட்டிக்கொண்டே போனார். கொஞ்ச வாரம் என்பது கம்ப்யூட்டரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது மாதம், ஒரு தட்டலில் கொஞ்ச வாரம். கடைசி ரெக்லா எப்போது என்றார், அதற்கும் மாத்ரே என் பக்கம் பார்த்துவிட்டு, ஒழுங்கில்லை என்றார். பிறகு டாக்டர் வழக்கமாகக் கேட்பது மாதிரி, மன்னிக்க வேண்டும், எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி, கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா என்றார். மாத்ரேயின் முகம் மலர்ந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர், இவள் வந்த புதிதில் என்ன சொன்னாள் தெரியுமா என்று தொடங்கினார். பாட்டு, நாற்பது பேர், கண்ணைத் துடைத்த குரு. சிரிப்பு வரும் இடம் நெருங்கியது, அதற்கு ஒரு நொடி முன்னால் என் வாய் தானாக விரிந்தது, நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்போடு சேர்ந்து வயிறு குலுங்கி உள்ளே அது திருகியது, வலியில் கண் இருட்டியது, வாய் மட்டும் விரிந்தபடியே இருந்தது. இந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது. மே, மே என்று இரண்டு தடவை சொன்னேன், பின்னால் ஒன்றும் இல்லை. அப்புறம் எப்படி வந்தது என்று தெரியவில்லை, தினமும் காலையில் போனில் வரும் அந்தக் குரல் வந்தது, நிதானமாக, பிசகில்லாமல்.

"எர்மானா ஹாதிந்தாவுக்குப் பத்தொன்பது மாதமாக அடிவயிற்றில் வலி. இடது பக்கம். அவருக்கு முதலில் கனக்கிறது, பிறகு முறுக்குகிறது, அதிகமாக நின்றால் முதுகுக்குப் போகிறது. அவருக்கு மாதத்தில் பதினைந்து நாள் ரத்தம் போகிறது, கட்டி கட்டியாக. இரண்டு தடவை மயங்கியிருக்கிறார். அவர் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஆட்களைத் தூக்குகிறார்."

மாத்ரே கைப்பையை இறுக்கிக்கொண்டார். டாக்டர் தட்டுவதை நிறுத்திவிட்டு, எர்மானா ஹாதிந்தா யார் என்றார். யோ, நான் என்றேன். டாக்டர் மாத்ரேயிடம் திரும்பி மரியாதையாக, கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்றார். இவளுக்குப் பாஷை அவ்வளவாக வராதே என்றார் மாத்ரே. வருகிறது என்றார் டாக்டர். மாத்ரே வெளியே போனார், கதவு சாத்திக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கே எனக்கு அழுகை வரும் போலிருந்தது, அடக்கிக்கொண்டேன், அழுதால் பதற்றம் என்று எழுதுவார்கள். கட்டிலில் காகிதம் விரித்திருந்தது. இருபத்து மூன்று வருஷமாக இந்த உடம்பை யாரும் பார்த்ததில்லை, நானே குளிக்கும்போது குனிந்து பார்த்ததில்லை. பாவாடை நாடாவை அவிழ்க்கக் கை வரவில்லை. வெர்குவென்தா, வெட்கம், இந்த வார்த்தை மட்டும் தப்பில்லாமல் வந்தது. மே தா வெர்குவென்தா. டாக்டர் தலையாட்டி, திரையை இழுத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு இரண்டு கைகளையும் உரசிச் சூடாக்கிக்கொண்டு வயிற்றைத் தொட்டார். நாலு கிழவிகளைக் குளிப்பாட்டுவதற்கு முன் தினமும் நான் செய்வது அதுதான், கையை உரசிக்கொள்வது. எனக்கு யாரும் செய்தது இல்லை. அழுத்தினார், இன்னும் கொஞ்சம் கீழே அழுத்தினார், ஆ என்று தமிழில் கத்தினேன், ஆவுக்கு எந்தப் பாஷையும் இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை உருட்டினார். கருவியின் திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ வந்தது, போனது. ஒரு இடத்தில் நிறுத்தி அளந்தார். மறுபடி அளந்தார். இதற்கு முன் யாரிடமாவது சொன்னீர்களா என்றார். சொன்னேன் என்றேன். யாரிடம் என்றார். கதவைப் பார்த்தேன். அதற்கு மேல் கேட்கவில்லை. கருப்பையில் ஒரு கட்டி, பெரிய ஆரஞ்சு அளவுக்கு, பக்கத்தில் இன்னொன்றும் இருக்கலாம். என்ன மாதிரிக் கட்டி என்று நகரத்து ஆஸ்பத்திரியில்தான் சொல்ல முடியும், தன்னால் இன்றைக்கு நல்லது என்றும் சொல்ல முடியாது கெட்டது என்றும் சொல்ல முடியாது, இந்த வாரத்திலேயே போக வேண்டும், ஆபரேஷன் எப்படியும் வரும். இன்றிலிருந்து எதையும் தூக்கக் கூடாது, ஒரு நாற்காலியைக்கூட. புரிந்ததா, திருப்பிச் சொல்லுங்கள் என்றார். திருப்பிச் சொன்னேன், ஒன்றும் விடாமல். உங்கள் ஸ்பானிஷ் மிக நன்றாக இருக்கிறதே என்றார் டாக்டர். ஐந்து வருஷத்தில் என் பேச்சுக்குக் கிடைத்த முதல் பாராட்டு, கட்டிக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்தது.

மாத்ரே காரில் ஏறினார். கதவைச் சாத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டாக்டர் கொடுத்த காகிதத்தை இரண்டு தடவை படித்தார். கிழவிதானே அவரும், இன்னும் இரண்டு வருஷத்தில் அவரையும் யாராவது தூக்க வேண்டியிருக்கும், அவருக்கும் தெரியும். "மகளே, ஏன் சொல்லவில்லை" என்றார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அதனால்தான் தாங்க முடியவில்லை, நிஜமான தண்ணீராக இருந்ததால்தான். சொன்னேன் மாத்ரே என்றேன். "இப்படிச் சொல்லவில்லையே" என்றார். எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்கவில்லை நான். கேட்டிருந்தால் பதில் இருந்திருக்குமோ என்னவோ. மூக்கைச் சிந்தினார், என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார், மாதா பார்த்துக்கொள்வார் என்றார். அப்படியே கையை விடாமல், இன்றைக்குச் சாயங்காலம் மிலாக்ரோஸை யார் படுக்க வைப்பது என்றார். என்னைக் கேட்கவில்லை, காரின் கண்ணாடியைக் கேட்டார். பிறகு போனை எடுத்து எண்ணைத் தேடி அழுத்தினார். அங்கே சாயங்காலம் நாலு மணி இருக்கும், மதர் பிலோமினாள் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். மாத்ரே தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஹலோ மதர், ப்ளீஸ், ஹாதிந்தா என்று சொல்லி என்னிடம் கொடுத்தார். ஒரு ஆள் வேண்டும் என்று நீயே சொல், சின்ன வயசு, பலமான பெண், வெயில்காலத்துக்கு முன்னால் வர வேண்டும், உன் பாஷையில் விளக்கமாகச் சொல் என்றார்.

சொல்லுங்க சிஸ்டர், உடம்பெல்லாம் சௌரியமா என்றார் மதர் பிலோமினாள். கட்டியைச் சொன்னேன், ஆபரேஷனைச் சொன்னேன், தமிழில் சொல்வதற்கு எவ்வளவு குறைந்த நேரம் பிடிக்கிறது. சேசுவே என்றார். கவலைப்படாதீங்க, இன்னைக்கே எல்லா மடத்துக்கும் சொல்லிடறேன், ஜெபிப்பாங்க என்றார். பிறகு, ஆறுதலாகத்தான் சொன்னார், வேலையைப் பத்தியும் நீங்க யோசிக்க வேணாம், உங்க மாத்ரே போன வாரமே மெயில் போட்டுட்டாங்க, ஹாதிந்தாவால இனிமே தூக்க முடியாது போல, வேற ஆள் அனுப்புங்கன்னு. இங்க ரெண்டு பேர் ஸ்பானிஷ் கிளாஸ் முடிக்கப் போறாங்க, ஒருத்தி இருபத்தாறு வயசு, நல்லா தாட்டியா இருப்பா, வரணும்னு ஆசையா இருக்கா. போன வாரம். டாக்டர் என்னைத் தொடுவதற்கு முன்னால், நான் அந்தப் பச்சை நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால். திரும்பிப் பார்த்தேன், மாத்ரே என்னைப் பார்த்துப் புன்னகைத்துத் தலையை ஆட்டினார், சொல், சொல் என்று. ஒரு வார்த்தையும் அவருக்குப் புரியாது. ஐந்து வருஷம் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது அவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த இருபத்தாறு வயதுப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. மிலாக்ரோஸின் முகம் தெரியும், மூச்சு தெரியும், கழுத்தைச் சுற்றும் கையின் கனம் தெரியும். அவரைச் சாயங்காலம் யார் தூக்குவார்கள் என்பது எனக்கும் தெரியாதுதான். அவர்கள் ஊர், அவர்கள் ஜனம், யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

"அனுப்பாதீங்க மதர்" என்றேன்.

"என்ன சிஸ்டர், லைன் சரியா கேக்கல."

"அந்தப் பிள்ளைய அனுப்பாதீங்க. யாரையும் அனுப்பாதீங்க."

நீங்க ஓய்வு எடுங்க சிஸ்டர், மனசு சரியில்லாம இருக்கீங்க, அப்புறமாப் பேசலாம் என்றார் மதர். சரிங்க மதர் என்றேன், சத்தம் ஏறவில்லை, சிரித்த முகத்தையும் மாற்றவில்லை. ஆனா அனுப்பாதீங்க, அனுப்புனா அவ வீட்டுக்கு நானே போன் போட்டுச் சொல்லுவேன் என்றேன். என் வாயிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று எனக்கே தெரியாது. போனை அணைத்து மாத்ரேயிடம் நீட்டினேன். என்ன சொன்னார் என்று கேட்டார், ஆவலாக. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை நான். நோ அய் நாதியே, மாத்ரே என்றேன். அங்கே யாரும் இல்லையாம். இலக்கணம் சரி, உச்சரிப்பு சரி, பொய் என்று சொல்லவே முடியாது. மாத்ரே ஸ்டியரிங்கைப் பிடித்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பெல்ட் போட்டுக்கொள் என்றார். போட்டுக்கொண்டேன், வயிற்றில் படாமல் கையால் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மடம் வரும்வரை.